துன் சம்பந்தன்: பத்து வெள்ளி கேட்டுத் தோட்டம் தோட்டமாகச் சென்றவர்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் எழுபது வயதைத் தாண்டிய தோட்டத்துப் பெரியவர்களுக்குத் துண்டாடல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறிவிட்டது என்ற செய்தி முதலில் கிராணி வீட்டிலிருந்து கசியும். அடுத்த சில வாரங்களில் நிலம் அளப்பவர்கள் வந்து நிரைகளுக்கு நடுவே கல் நடுவார்கள். அதன் பிறகு பிரட்டுக்களத்தில் பெயர் வாசிக்க ஆள் இருக்காது. அதுவரை ஒரே தோட்டமாக இருந்த நிலம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று பலர் பெயருக்குப் போய்விடும். அங்கேயே பிறந்து அங்கேயே பால்மரம் வெட்டிய குடும்பம் சட்டி பானையோடு லயத்து வாசலில் நிற்கும்.

1950களிலும் 1960களிலும் நாடு முழுவதும் இது நடந்தது. அந்தக் காலத்தில் இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு என்று நம்பி, அதைத் தொழிலாளர்களின் சொந்தக் காசிலேயே செய்து காட்டியவர் துன் வீ. தி. சம்பந்தன். அவரை ம.இ.கா. தலைவர் என்றும் அமைச்சர் என்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அவர் கேட்ட பத்து வெள்ளியின் கதை இளைய தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது.

மலாக்காவில் தொடங்கிய ரப்பர்

இந்த நாட்டில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்ட இடம் மலாக்கா. 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்ற மலாக்கா சீனர், புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் அளவில் ரப்பர் நட்டார். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்ற அதிகாரி தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லி வற்புறுத்தி வந்த காலம் அது. முதல் நடவு நம்பிக்கை தரவே, குனோங் லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெருந்தோட்டம் உருவானது. பின்னர் அது லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது.

காப்பியும் மரவள்ளியும் விளைந்த நிலங்கள் ரப்பருக்கு மாறின. காடழிக்கவும் மரம் நடவும் பால் எடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடாற்காடு பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். மலாக்காத் தோட்டங்களின் லயங்களும் மாரியம்மன் கோயில்களும் அப்படி எழுந்தவைதான்.

ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பேராக்கிற்கு வந்தவர் வீராசாமி. அவர் உழைத்து முன்னேறி, சுங்கை சிப்புட்டில் சொந்த ரப்பர் நிலம் வைத்திருந்த தமிழர்களில் ஒருவரானார். கடல் கடந்து வந்த தமிழர்களில் அப்படி நிலம் வாங்கியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் வேறொருவரின் நிலத்தில், வேறொருவர் கட்டிய லயத்தில், நாள்கூலிக்கு வாழ்ந்தார்கள். இந்த வேறுபாடு வீராசாமியின் கடைசி மகனுடைய வாழ்க்கையை நெடுகிலும் தொடர்ந்தது.

சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளை

திருஞானசம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் பிறந்தார். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு தமிழ்நாட்டில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு முடித்தார். காந்தியின் இயக்கம் கல்லூரி மாணவர்களைப் பற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் திரும்பியபோது ஆங்கிலப் படிப்போடு மேடைத்தமிழும் காந்திமீது கொண்ட பற்றும் அவருடன் வந்தன. அமைச்சரான பின்னும் வேட்டியும் ஜிப்பாவுமாக அவர் மேடையேறியதற்கு அந்த நாட்களே காரணம்.

அவர் பிள்ளைப் பருவத்தில் பார்த்த தோட்ட உலகம் கடுமையானது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாள்கூலி 30 காசுக்கும் கீழே இறங்கியது. வேலை இல்லாத தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியபோது ஆள் தேவை, விலை இறங்கியபோது ஆள் சுமை. தொழிலாளிக்கு இந்த மண்ணில் பிடிப்பு எதுவும் இல்லை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

போர் முடிந்தபின் தொழிற்சங்கங்கள் பெருகின. தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1948 ஜூன் 16ஆம் தேதி, சம்பந்தனின் 29ஆவது பிறந்தநாளில், அவர் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த மலாயா கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே தொழிலாளர்கள் தயங்கிய காலம் அது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகுதான் கூலிப் பேச்சுவார்த்தை மீண்டும் ஓர் ஒழுங்குக்கு வந்தது.

இந்தச் சூழலில் சம்பந்தன் பொதுவாழ்வுக்கு வந்தார். ஊரில் பள்ளி கட்டுவதில் தொடங்கினார். சுங்கை சிப்புட்டில் அவர் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் ஜவாஹர்லால் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார்.

தோட்டத்து மக்களைக் கட்சிக்குள் கொண்டுவந்தவர்

ம.இ.கா. 1946இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகரத்தாரின் கட்சியாக இருந்தது. உறுப்பினராகியிருக்க வேண்டிய தோட்டத்து மக்களுக்குப் புரியாத மொழியில் கூட்டங்கள் நடந்தன. 1955இல் சம்பந்தன் தலைவரானதும் அது மாறியது. கூட்டங்களில் தமிழ் ஒலித்தது. கங்காணியும் பால்வெட்டுத் தொழிலாளியும் கிளைத் தலைவர்களானார்கள். இதனால் கட்சிக்குள் மனக்கசப்பும் எழுந்தது. தமிழர் அல்லாத இந்தியர் சிலரும் நகரத்துப் படித்தவர்களும் விலகி நின்றார்கள். சம்பந்தன் அதைப் பொருட்படுத்தவில்லை. சமுதாயத்தில் பெரும்பான்மையோர் எங்கே வாழ்கிறார்களோ அங்கேதான் கட்சி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. வட கிந்தாவில் வென்ற சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். 1956 பிப்ரவரி 20ஆம் தேதி மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு சுதந்திர நாளை அறிவித்தபோது, தோட்டத்துத் தமிழர்களின் எதிர்காலம் பற்றிப் பேச வேண்டிய பொறுப்பு சம்பந்தனின் தோளில்தான் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் சுகாதார அமைச்சர், 1959 முதல் பொதுப்பணி, தபால், தந்தித் துறை அமைச்சர் என்று அவர் பதவிகள் மாறின.

குடியுரிமை அந்த நாட்களின் பெரிய கேள்வி. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், ஊருக்குப் போய்வந்த தேதி நினைவில்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று தோட்டங்களில் பலர் இருந்தார்கள். விண்ணப்பம் செய்யுங்கள் என்று ம.இ.கா. கிளைகள் லயங்களில் சொல்லிவந்தன. செய்தவர்கள் பிழைத்தார்கள். தள்ளிப்போட்டவர்கள் 1960களின் இறுதியில் வேலை பெர்மிட் முறை வந்தபோது தவித்தார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டோடு வயதான தாத்தா பாட்டிகளை இன்றும் மலாக்காவில் காண முடிவது அந்தக் காலத்தின் மிச்சம்.

வெள்ளைக்காரர் விற்ற தோட்டங்கள்

இந்த நிலையில்தான் துண்டாடல் தலைதூக்கியது. சுதந்திரம் நெருங்கியதும் ஐரோப்பியக் கம்பெனிகள் பலவற்றுக்குப் பயம் வந்தது. புதிய அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுமோ என்று எண்ணினார்கள். பல தோட்டங்களில் மரங்கள் கிழடாகியிருந்தன. அவற்றை வெட்டி மறுநடவு செய்யப் பணம் வேண்டும், புதுமரம் பால் கொடுக்கச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். நல்ல விலை கிடைத்தால் விற்றுவிட்டுப் போவது எளிது.

வாங்க வந்தவர்கள் நிலத் தரகர்களும் வியாபாரிகளின் கூட்டுகளும். முழுத் தோட்டமாக வாங்கித் துண்டுபோட்டு விற்றால் ஏக்கருக்குக் கூடுதல் விலை கிடைக்கும். பட்டணத்துக் கடைக்காரர், டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்று பலரும் ஆளுக்கொரு துண்டு வாங்கினார்கள். விற்றவருக்கு இலாபம், தரகருக்கு இலாபம், வாங்கியவருக்கு ஒரு சொத்து. மரத்தடியில் நின்றவரைப் பற்றிய பேச்சு எந்தப் பத்திரத்திலும் இல்லை.

தொழிலாளிக்கு என்ன ஆயிற்று என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய தோட்டத்தில் வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை, மருந்துக்கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகம் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1951இல் வந்த ஊழியர் சேமநிதிக்கும் நிர்வாகம் பங்கு கட்டியது. சங்கம் பேசி முடித்த கூலி கிடைத்தது. தோட்டம் துண்டானதும், அந்தச் சின்னத் துண்டு சட்டத்தின் கண்ணில் தோட்டமே இல்லை. புதிய சொந்தக்காரர் குத்தகைக்காரரிடம் விட்டுவிடுவார். குத்தகைக்காரர் பாலில் பங்கு என்று பேசி ஆள் வைப்பார். சேமநிதி இல்லை, மருத்துவம் இல்லை, பிரசவ உதவி இல்லை, வீட்டுக்கு உத்தரவாதம் இல்லை. பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்து கதவு மூடப்படும். கோயில் யாரோ ஒருவரின் துண்டு நிலத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் அறிக்கையாக வந்தது. துண்டாடலால் நாட்டுக்கும் தொழிலாளருக்கும் கேடு என்று அது எடுத்துச் சொன்னது. ஆயினும், தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்க மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை என்ற விதி தேசிய நிலச் சட்டத்தில் வெகு தாமதமாகவே சேர்ந்தது. அதற்குள் போன தோட்டங்கள் போனவைதான்.

பத்து வெள்ளி

சட்டம் வரும்வரை காத்திருக்கச் சம்பந்தன் விரும்பவில்லை. விற்கப்படும் தோட்டத்தை யாரோ ஒருவர் வாங்கத்தானே போகிறார், அதை ஏன் தொழிலாளியே வாங்கக்கூடாது என்பது அவர் யோசனை. ஒரு தொழிலாளியால் முடியாது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தால் முடியும். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கே. ஆர். சோமசுந்தரம் அவருக்கு வலதுகையாக நின்று அந்தச் சங்கத்தை வளர்த்தார்.

ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. முதலில் பத்து வெள்ளி கட்டினால் உறுப்பினராகலாம். மீதியைத் தவணையாகக் கட்டலாம். இன்றைக்குப் பத்து வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது. அன்று பால்வெட்டுத் தொழிலாளியின் நாள்கூலி மூன்று வெள்ளியை ஒட்டி இருந்தது. பத்து வெள்ளி என்றால் மூன்று நாளைக்கு மேற்பட்ட உழைப்பு. நூறு வெள்ளி என்றால் ஒரு மாதச் சம்பளத்தை விடவும் அதிகம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் வரும்படியும் இல்லை. கடைக்காரரிடம் பற்று, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பும் பணம், தீபாவளித் துணி எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பது எளிதல்ல. கேட்பவர் அமைச்சர் என்பதால் மட்டும் கொடுத்துவிடவும் மாட்டார்கள். வசூல் என்ற பெயரில் ஏமாந்த அனுபவம் தோட்டங்களுக்கு நிறைய உண்டு.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். அமைச்சர் வேலை போக மிஞ்சிய நேரத்தில், வேலை முடிந்து மக்கள் கூடும் மாலைகளில், எளிய தமிழில் கணக்குச் சொன்னார். தோட்டம் விற்கப்பட்டால் என்னவாகும், சேர்ந்து வாங்கினால் என்னவாகும் என்ற இரண்டு கணக்குத்தான். மேட்டுக்குடியில் பிறந்த ஒருவர் லயத்து வாசலில் நின்று இதைப் பேசியது தொழிலாளர்களைத் தொட்டது. ஆண்களும் பெண்களும் பங்கு வாங்கினார்கள்.

1961இல் கெடாவில் சுமார் 3,000 ஏக்கர் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே முதல் தோட்டம். துண்டாடப்படாமல் முழுத் தோட்டமாகவே அது நீடித்தது. வேலை செய்தவர்களின் வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது. அடுத்தடுத்து வேறு மாநிலங்களிலும் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஏறத்தாழ இருபது தோட்டங்களும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் என்ற அளவுக்குச் சங்கம் வளர்ந்தது. எழுத்தறிவு குறைந்த நாள்கூலிக்காரர்களின் பத்துப் பத்து வெள்ளியில் இவ்வளவு நிலம் வாங்கப்பட்டது இந்த நாட்டின் வரலாற்றில் அரிய செயல்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். கிழட்டு மரங்களோடு வெள்ளைக்காரர் தள்ளிவிடும் நிலத்தை ஏழைகளின் பணத்தில் வாங்குவதா என்று சிலர் கேட்டார்கள். சங்கத்தின் தோட்டத்திலும் ஒருவர் காலையில் பிரட்டுக்குப் போக வேண்டும், கிராணியிடம் எடை போட வேண்டும். பங்குதாரர் என்ற பத்திரம் பெட்டியில் இருந்தாலும் கூலி, வீடு பற்றிய பிணக்குகள் அங்கும் வரவே செய்யும். இந்தக் கேள்விகளில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் தொழிலாளி முன் இருந்த மற்றொரு வழி, நிலம் அளப்பவர் கல் நடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

புக்கிட் அசகான்

கூட்டுறவின் கை எல்லாத் தோட்டங்களுக்கும் எட்டவில்லை. அதற்கு மலாக்காவே சாட்சி. நாட்டின் முதல் பெரிய ரப்பர் தோட்டமாக எழுந்த புக்கிட் அசகான், 1960களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. மூன்று தலைமுறை உழைத்த தொழிலாளர்கள் வேலையும் வீடும் போகும் நிலைக்கு வந்தார்கள். 1967இல் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள், தமிழரும் சீனருமாக, தங்கள் குறையை அரசாங்கத்திடம் சொல்லக் கோலாலம்பூரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். குனோங் லேடாங் அடிவாரத்திலிருந்து தலைநகருக்கு நூறு மைலுக்கும் மேல். பால்வாளி சுமந்து பழகிய கால்கள் தார்ச்சாலையில் நடந்தன.

அந்த நடை சம்பந்தன் இருந்த அரசாங்கத்தை நோக்கியே நடக்கப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் அமைச்சரவையில் இருந்தார், அதே ஆண்டில்தான் துன் விருதும் பெற்றார். அவர் தொடங்கிய கூட்டுறவு ஏழு வயதை எட்டியிருந்தது. ஆயினும் ஒரு பெருந்தோட்டம் சந்தைக்கு வந்தபோது அதன் தொழிலாளர்களுக்குக் கைகொடுக்கச் சட்டமும் இல்லை, போதிய பணமும் இல்லை. பத்துப் பத்து வெள்ளியாகச் சேரும் பணம் ஒரு பக்கம், நொடியில் காசோலை எழுதும் தரகர் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்று சமன்செய்ய வேண்டியது அரசாங்கம். அந்த இடம் காலியாக இருந்தது.

வேலியோடு நின்ற செலவு

அரசாங்கம் அந்த ஆண்டுகளில் கிராமங்களுக்குச் செலவு செய்யாமல் இல்லை. 1956இல் ஃபெல்டா தொடங்கப்பட்டது. நிலமில்லாதவர்களுக்குக் காடு திருத்தி நிலம், வீடு, சாலை எல்லாம் பொதுப் பணத்தில் கொடுக்கப்பட்டன. கிராமப்புற மேம்பாட்டின்கீழ் தண்ணீர், மின்சாரம், மருந்தகம் என்று பல ஊர்கள் பயன் பெற்றன. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே குழாய் போடுவதும் விளக்குப் போடுவதும் முதலாளியின் பொறுப்பு என்று பொதுச்செலவு தோட்டத்து வேலியோடு நின்றுவிட்டது. முதலாளியோ விற்றுவிட்டுப் போகும் எண்ணத்தில் இருந்தார், அவர் ஏன் செலவு செய்வார்? இப்படி இரண்டு பக்கமும் கைவிட்ட இடத்தில் தோட்டத்து லயம் இருந்தது.

1970இல் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தன. அதை மாற்றவே புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. கிராமத்து ஏழைக்கு நிலத் திட்டங்கள் இருந்தன, நகரத்து ஏழைக்கு மலிவு வீடுகள் வந்தன. தோட்டத்து ஏழை எந்தக் கணக்கிலும் முழுமையாகச் சேரவில்லை. தோட்டத்துக் கூரையை மாற்றுவதும் தோட்டத்துப் பள்ளிக்குச் சொந்த நிலம் வாங்குவதும் பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டு போனதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சம்பந்தனின் கூட்டுறவை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் பெருமையும் தெரியும், அதன் வேதனையும் தெரியும். மற்றவர்களுக்குப் பொதுப்பணம் செய்ததைத் தோட்டத் தொழிலாளி தன் கூலியிலிருந்து செய்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசி ஆண்டுகள்

1969 மே கலவரத்துக்குப் பின் நாட்டின் அரசியல் மாறியது. 1970களின் தொடக்கத்தில் சம்பந்தன் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சராக இருந்தார். கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருந்தது போதும் என்று இளையவர்கள் எண்ணினார்கள். 1973இல் அவர் தலைமைப் பதவியை விட்டு இறங்கினார். வி. மாணிக்கவாசகம் தலைவரானார். அடுத்த ஆண்டு அமைச்சர் பதவியும் முடிந்தது. அந்த விலகல் அவருக்கு மகிழ்ச்சியாக அமையவில்லை. ஆனாலும் அவர் கூட்டுறவை விடவில்லை. ஆயுள் முடியும்வரை அவர் மனம் அதில்தான் இருந்தது.

1979 மே 18ஆம் தேதி கோலாலம்பூரில் துன் சம்பந்தன் காலமானார். அறுபது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் கூட இல்லை. தந்தை விட்டுச்சென்ற ரப்பர் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டவர் அவர். அரசியலுக்கு வந்தபோது இருந்ததைவிடக் குறைந்த சொத்தோடு விடைபெற்றார். துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் அதன் பிறகும் சமூகப் பணியைத் தொடர்ந்தார். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் சாலை பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது.

இன்றைய மலாக்காவில்

புக்கிட் அசகான், கெமண்டோர், டைமண்ட் ஜூபிலி, தெபோங், செர்க்காம் என்று தோட்டப் பெயர்கள் மலாக்காத் தமிழர் வாயில் இன்னும் இருக்கின்றன. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பாச்சாங், குருபோங், மெர்லிமாவ் பக்கங்களில் அடுக்குமாடி வீடுகளிலும் தாமான்களிலும் வாழ்கிறார்கள், தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். மாசிமகத்தன்று செங் சன்னாசிமலையில் கூடும்போது யார் எந்தத் தோட்டம் என்று விசாரித்து உறவு கண்டுபிடிப்பது மட்டும் மாறவில்லை.

சட்டங்களும் முன்னேறியிருக்கின்றன. தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரம் கேட்கும் சட்டம் 1990இல் வந்தது. குறைந்தபட்ச சம்பளம் 2013இல் நடப்புக்கு வந்து, 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டு தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறும் ஒருவர் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் வரும்போது எங்கே போவார் என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்படும்போது அங்கிருப்பவர்களுக்கு மாற்று வீடு உண்டா, பள்ளிக்கும் கோயிலுக்கும் நிலம் உண்டா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் போராட வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் இப்போது வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் நம் தாத்தாக்களுக்கு இருந்த அதே நிலைதான்: வேலை இருக்கும்வரை கூரை.

கூலி உயர்வு மட்டும் போதாது, காலுக்குக் கீழே இருக்கும் மண்ணிலும் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும் என்று துன் சம்பந்தன் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நினைத்தார். அவர் நினைத்ததில் பாதி நடந்தது. அந்தப் பாதியைச் செய்து முடித்தது மூன்று நாள் கூலியைத் தூக்கிக் கொடுத்த பால்வெட்டுத் தொழிலாளர்களின் நம்பிக்கை. பழைய தகரப் பெட்டிகளில் அந்தக் கூட்டுறவின் பங்குப் பத்திரம் இன்னும் இருக்கும் வீடுகள் உண்டு. பேரப்பிள்ளைகள் அதை எடுத்துப் பார்த்தால், அதில் எழுதியிருக்கும் தொகையைத் தாத்தாவின் அன்றைய நாள்கூலியால் வகுத்துப் பார்க்கட்டும். எத்தனை விடியற்காலைகள் அதற்குள் இருக்கின்றன என்பது தெரியும்.